சொல்லிச் சொல்லியும் கேட்காத பிள்ளைக்குப் பாதுகாப்பை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: வீட்டில் ஏழு வயதுப் பெண், இரண்டரை வயதுப் பையன். தாத்தா பாட்டியும் உடன் இருக்கிறார்கள். போன வாரம் பையன் மேசை விரிப்பைப் பிடித்து இழுத்ததில் சூடான காபி கையில் கொட்டிவிட்டது. தொடாதே, ஏறாதே, ஓடாதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறோம், காதில் ஏறவில்லை. எந்த விதத்தில் சொல்லிக்கொடுத்தால் புரியும்?

பதில்:

பையனின் கை ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். குழந்தைகள் அவசரப் பிரிவில் பல வருடமாக வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடையாது.

சின்னவனுக்குச் சொல்லிப் புரியவைக்கும் வேலையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவன் அடம்பிடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். "சூடு, தொடக் கூடாது" என்று மழலையில் அவனே உங்களிடம் ஒப்பிப்பான். அடுத்த நிமிடம் போய்த் தொடுவான். ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, ஆசை வந்த நொடியில் நீட்டிய கையை இழுத்துக்கொள்வது வேறு. இந்த இரண்டாவது திறமை பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கைகூடும். அதுவரை திருத்த வேண்டியது வீட்டைத்தான். பெரியவளுக்குச் சொல்லித்தரலாம். ஆனால் வாயால் சொல்வதில் அவ்வளவாகப் பயன் இல்லை, செய்யவைத்துப் பழக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

1960களில் வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவர் காயங்களைப் பார்க்கும் விதத்தையே மாற்றினார். உடம்பு தாங்கக்கூடிய அளவைவிட அதிகமான சக்தி, அது வெப்பமோ வேகமோ மின்சாரமோ, உடம்பில் பாய்வதுதான் காயம் என்றார். யார் கவனக்குறைவு என்று தேடுவதற்குப் பதிலாக, சம்பவத்துக்கு முன், நடக்கும்போது, நடந்த பின் என்று மூன்று இடங்களில் அந்தச் சக்தியை எங்கே மடக்கலாம் என்று கேட்கச் சொன்னார். உங்கள் காபிக் கோப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். விரிப்பு இல்லாத மேசை, நடுவில் வைத்த கோப்பை: இது முன்னால் செய்வது. மூடி போட்ட கோப்பை, கொஞ்சம் ஆறவைத்த காபி: கவிழ்ந்தாலும் சேதத்தைக் குறைப்பது. கொட்டியதும் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுவது: பின்னால் செய்வது. இதில் பையன் எதையுமே புரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த 20 நிமிடத்தை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தோலின் மேல்பகுதி குளிர்ந்த பிறகும் உள்ளே வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், மாவு, எண்ணெய் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீர்தான் மருந்து. உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு.

சூட்டைப் பற்றி இன்னும் ஒன்று. 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர், பெரியவர்களின் தோலையே சுமார் ஐந்து நொடியில் ஆழமாக வேகவைத்துவிடும். 49 டிகிரியில் அதே காயம் உண்டாகப் பல நிமிடங்கள் பிடிக்கும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது, அதனால் நேரம் இதைவிடக் குறையும். உங்கள் வீட்டு ஹீட்டரில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் இன்றைக்கே 50 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும், அப்புறம் யாரும் கண்விழித்துக் காவல் காக்க வேண்டியதில்லை. வாளியில் கலக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசை மாறக் கூடாது.

வாளி என்றதும் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2021-ல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். ஆறு, குளம், நீச்சல் குளம் மட்டும் இதில் இல்லை. நடக்கப் பழகிய குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது குப்புற விழுந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வரக் கையில் வலு இருக்காது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். இன்னொன்று, மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. மூச்சுக்காக வாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்து போகும் அந்தச் சில நொடிகளில் கூப்பிட நேரமே இருக்காது. "சத்தம் கேட்டால் ஓடிவருவேன்" என்று பக்கத்து அறையில் இருப்பவருக்கு எந்தச் சத்தமும் கேட்காது. குளியலறையில் வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்து, கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுங்கள். நீச்சல் குளத்திலோ கரையிலோ என்றால், உங்கள் கை அவன் மேல் படும் தூரத்தில்தான் அவன் இருக்க வேண்டும்.

இனி ஒரு சின்னப் பொருள். டிவி ரிமோட்டைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். நாணயம் போன்ற வட்டமான பேட்டரி உள்ளதா? அந்த மூடிக்குத் திருகாணி இருக்கிறதா, விரலால் தள்ளினாலே திறந்துகொள்கிறதா? உடல் வெப்பமானி, எடை பார்க்கும் கருவி, ஒளிரும் பொம்மை, திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை, பொய்த்தீ மெழுகுவத்தி எல்லாவற்றிலும் இது இருக்கலாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் போய்ச் சரியாகச் சிக்கிக்கொள்ளும். அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் ஓடத் தொடங்கி, பேட்டரியின் எதிர்மின்முனைப் பக்கம் காரம் (காஸ்டிக் சோடா போன்ற ரசாயனம்) உருவாகும். அந்தக் காரம் சதையை அரிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகலாம். ரிமோட்டுக்கு உதவாது என்று கழற்றிப்போட்ட பேட்டரியிலும் இதைச் செய்யப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், குழந்தை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். கொஞ்சம் எச்சில் வடியும், லேசாக இருமும், சாப்பாட்டைத் தள்ளும். சளி என்றே வீட்டில் நினைப்பார்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தையாக, விழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளாக இருந்து, கையில் தேனும் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். அது அரிப்பைத் தாமதப்படுத்தும். தேனைத் தேடி அலைந்து நேரத்தை விடக் கூடாது. இரண்டு மூன்று சின்னக் காந்தங்களை விழுங்கினாலும் இதே அவசரம்தான். குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடல்சுவரை ஓட்டையாக்கிவிடும்.

மூச்சுக்குழாயில் அடைக்கும் பொருட்களுக்கு ஒரு சுலபமான அளவுகோல்: டிஷ்யூ சுருள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய். அதற்குள் நுழைகிற எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு வரக் கூடாது. அக்காவின் விளையாட்டுச் சாமான்கள்தான் பெரும்பாலும் இதில் மாட்டும். அவளுக்கென்று உயரத்தில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுங்கள். தம்பி கைவைக்காத இடம் கிடைத்த சந்தோஷத்தில் அவளே எடுத்து வைப்பாள். திராட்சையை முழுதாகக் கொடுக்காமல் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், கொட்டை வகைகளை நான்கு வயது வரை முழுதாகக் கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டே சாப்பிடுவது கூடவே கூடாது.

அடுத்தது மாத்திரை. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் நான் முதலில் கேட்பது இதைத்தான். கிழமை வாரியாக மாத்திரை போட்டு வைக்கும் பெட்டியை இரண்டு வயதுக் குழந்தை திறந்துவிடும். குழந்தைகள் திறக்க முடியாத மூடி என்று போட்டிருந்தாலும் அதை முழுதாக நம்ப வேண்டாம். இந்த மூடிகளைக் கட்டாயமாக்கிய சட்டம் அமெரிக்காவில் 1970-ல் வந்தது. அங்குள்ள சோதனையில் மூன்றரை வயது முதல் நாலேகால் வயது வரையுள்ள குழந்தைகளிடம் டப்பாவைக் கொடுத்துப் பத்து நிமிடம் பார்ப்பார்கள். நூற்றுக்கு 80 பேரால் திறக்க முடியவில்லை என்றால் மூடி தேறிவிடும். அதாவது ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் மூடி பாஸ். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத்துக்கான மாத்திரைகளில் சில, ஒன்றிரண்டே சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகும். சத்துக்காகக் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் விஷமாகலாம். "மிட்டாய் மாதிரி இருக்கும், சாப்பிடு" என்று மருந்துக்கு ஆசைகாட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

மண்ணெண்ணெய், தரை துடைக்கும் திரவம் போன்றவற்றைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைப்பதுதான் பெரிய தவறு. ஒருமுறை இறங்கியது மறுபடி ஏறி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். அந்தப் பாட்டிலை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

விழுவதைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. மாடி வீடானால் ஜன்னலுக்குக் கம்பி, கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளி, ஜன்னலுக்குக் கீழே கட்டிலோ நாற்காலியோ இல்லாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். நியூயார்க் நகரில் குழந்தைகள் ஜன்னல் வழியே விழுவது அதிகமானபோது 1972-ல் இலவசமாக ஜன்னல் தடுப்புகள் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்ததும் 1976-ல் பத்து வயது வரையுள்ள குழந்தைகள் இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் அதைக் கட்டாயமாக்கினார்கள். கொசுவலை அடித்த ஜன்னலைத் தடுப்பு என்று எண்ண வேண்டாம், அது குழந்தையின் எடையைத் தாங்காது. பீரோவையும் டிவியையும் சுவரோடு பிணையுங்கள். சக்கரம் வைத்த நடைவண்டி வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது.

காரில் மடியில் வைத்துக்கொண்டு போவதைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து வைக்க ஏறக்குறைய 280 கிலோ எடையைத் தாங்கும் பலம் தேவை. எவ்வளவு பாசமான கைக்கும் அந்தப் பலம் கிடையாது. அதற்குத்தான் குழந்தை இருக்கை. சின்னக் குழந்தை எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் பின்பக்கம் பார்த்தபடி உட்கார வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் யாராவது பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இங்கே கூட்டுக் குடும்பத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டில், குழந்தையை மற்ற மூன்று பேரில் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று நான்கு பேரும் நினைத்துக்கொள்வார்கள். விருந்தாளிகள் நிறைந்த நாளில் இது இன்னும் மோசம். இதற்கு வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் ஒன்றே வழி. "நான் குளிக்கப் போறேன், தம்பி இப்ப உங்க பொறுப்பு மாமா." "சரிம்மா, நான் பாத்துக்கறேன்." பதில் வந்த பிறகுதான் நகர வேண்டும். முதல் இரண்டு நாள் நாடகம் போலத் தெரியும், பிறகு பழகிவிடும். பொறுப்பை ஏழு வயதுப் பெண்ணிடம் மட்டும் மாற்றிவிடாதீர்கள். பெரிய பிள்ளைகளின் கண்காணிப்பில் விடப்படும் சின்னக் குழந்தைகளுக்குக் காயம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அக்கா என்ன சொன்னாலும் தம்பி கேட்க மாட்டான், அது ஒரு காரணம். அவளுக்கு ஒரே வேலைதான்: ஏதாவது தப்பாகத் தெரிந்தால் உடனே பெரியவரைக் கூப்பிடுவது.

இப்போது கற்றுக்கொடுப்பதற்கு வருகிறேன். 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை நான் பெற்றோர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. நாலைந்து வயதுக் குழந்தைகளுக்கு, "துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அந்த இடத்தை விட்டுப் போ, பெரியவரிடம் சொல்" என்று கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குப் பாடமும் படமும், இன்னொரு குழுவுக்கு நடித்துக் காட்டிச் செய்யவைக்கும் பயிற்சி. கேட்டபோது இரண்டு குழுவுமே சரியாகப் பதில் சொன்னது. நடித்துக் காட்டச் சொன்னபோது இரண்டாவது குழு நன்றாகச் செய்தது. பிறகு, சுட முடியாதபடி செய்த ஒரு துப்பாக்கியைக் குழந்தைக்குத் தெரியாமல் அறையில் வைத்துவிட்டுத் தனியே விட்டுப் பார்த்தார்கள். இரண்டு குழுவுமே கோட்டைவிட்டது. கடைசியில் பலித்தது என்ன தெரியுமா? குழந்தை தவறும் அந்த இடத்திலேயே பெரியவர் உள்ளே வந்து, திட்டாமல், "இப்ப என்ன செஞ்சிருக்கணும்? வா, செஞ்சு பாக்கலாம்" என்று அங்கேயே நாலைந்து முறை செய்யவைத்தது.

துப்பாக்கிக்குப் பதிலாகத் தீக்குச்சி, மருந்து, சாலை என்று எதை வைத்தாலும் இதே பாடம் பொருந்தும் என்பது என் எண்ணம். ஹாலில் உட்காரவைத்துச் சொன்னது ஹாலிலேயே தங்கிவிடும். அதனால் விதிகளைக் குறையுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். "ஓடாதே" என்பதைவிட "நட", "தொடாதே" என்பதைவிட "கையைப் பின்னாடி கட்டிக்கோ" என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு விதியையும் அதற்குரிய இடத்திலேயே பழக்குங்கள்.

உதாரணத்துக்குச் சாலை. பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடக்காமல், ஒருநாள் வேடத்தை மாற்றுங்கள். "இன்னைக்கு நீதான் என்னைக் கூட்டிட்டுப் போற. பாக்கறதையெல்லாம் சத்தமா சொல்லிட்டே வா." அவள் சொல்லுவாள்: "வலது பக்கம் பைக் வருது... போயிடுச்சு... இந்தப் பக்கம் யாரும் இல்ல... போலாம்." அப்போதுதான் அவள் எதைப் பார்க்கிறாள், எதை விடுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். நிறுத்திய வண்டிக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்க்காமலே காலை வைக்கிறாளா? திரும்புகிற வண்டியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையா? அங்கேயே நின்று இன்னொரு முறை செய்யுங்கள். கை மட்டும் உங்கள் பிடியிலேயே இருக்கட்டும். வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறமை ஒன்பது பத்து வயதுக்கு முன்னால் நம்பும்படி வராது. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் அதற்கு முன்பு தனியே கடக்க விடாதீர்கள்.

தீ என்றால் பயந்த குழந்தை கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஒளிந்துகொள்ளும். "வெளியே ஓடிவா" என்று சொல்லிக்கொடுத்திருந்தாலும் இதுதான் நடக்கும். எனவே ஒரு மாலையில் விளக்கை அணைத்துவிட்டு, படுக்கையறையிலிருந்து தவழ்ந்து வாசல் வரை வரவையுங்கள், புகை மேலேதான் முதலில் தேங்கும். வெளியே எல்லோரும் சந்திக்க ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொம்மையை எடுக்க உள்ளே திரும்பக் கூடாது என்பதையும் பொம்மையை வைத்தே நடித்துப் பாருங்கள். தண்ணீரில் யாராவது தத்தளித்தால் குதிக்கக் கூடாது. தம்பியாகவே இருந்தாலும் முதலில் கத்திக் கூப்பிடு, பிறகு கரையில் நின்றபடியே கம்போ துண்டோ நீட்டு என்று பெண்ணுக்குப் பழக்குங்கள். காப்பாற்றப் போன அக்காவும் சேர்ந்து மூழ்கிய கதைகள் நிறைய.

சின்னவனுக்கும் பழக்கக்கூடிய ஒன்று உண்டு: "நில்" விளையாட்டு. ஓடும்போது "நில்!" என்றதும் சிலையாக நிற்க வேண்டும், நின்றால் தூக்கிச் சுற்றுவது பரிசு. தினமும் விளையாடுங்கள். ஆனால் அந்தச் சொல்லைச் சில்லறை விஷயத்துக்குச் செலவழிக்காதீர்கள். ஒரே நாளில் ஐம்பது முறை "ஏறாதே" கேட்கும் காது எல்லா எச்சரிக்கையையும் ஒரே எடையில் போட்டுவிடும். சோபாவில் ஏறட்டும், மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கட்டும், முட்டியில் சிராய்ப்பு வரட்டும். நார்வேயில் எல்லன் சாண்ட்செட்டர் போன்ற ஆய்வாளர்கள் 2007 முதல் சொல்லிவருவது இதைத்தான். உயரம், வேகம், முரட்டு விளையாட்டு இவற்றில் குழந்தை தன் எல்லையைத் தானே கண்டுகொள்கிறது. குழந்தையால் பார்த்து எடைபோட முடிந்த ஆபத்தை விடலாம். பேட்டரி, கொதிநீர், வாளி, ஜன்னல் போல அதற்குக் கண்ணுக்கே தெரியாத ஆபத்தை நாம்தான் அகற்ற வேண்டும்.

இதில் பெண்ணையும் பையனையும் வேறுவேறாக நடத்துகிறோமா என்று கவனித்துப் பாருங்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பார்பரா மோரொஞ்ஜெல்லோ 1999-ல் வெளியிட்ட ஆய்வில், கம்பத்தில் சறுக்கி இறங்கச் சொல்லித்தரும் பெற்றோர் மகளை அடிக்கடி எச்சரித்துத் தாங்கிப் பிடித்தார்கள், மகனைத் தானே முயலும்படி ஊக்கப்படுத்தினார்கள். ஆனால் உலகெங்கும் காயத்தோடு அதிகம் வருவது ஆண் குழந்தைகள்தான். "பையன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுவதற்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. அவருடைய குழுவே 2008-ல் இன்னொன்றையும் சொன்னது. இப்போது குழந்தை எப்படி நடக்கிறது என்பது பெற்றோர் சொல்லித்தருவதைப் பொறுத்தது. பெரியவரானால் எப்படி நடப்பேன் என்று குழந்தை சொல்வதோ பெற்றோர் செய்வதைப் பொறுத்தது. ஹெல்மெட் போடாத அப்பா பின்னால் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு மட்டும் ஹெல்மெட் மாட்டினால், அவள் போட்டுக்கொள்வாள்தான். பெரியவளானதும் கழற்றிவிடலாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்வாள்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வேண்டும்: நடந்ததைச் சொன்னால் அடியும் கிடையாது, திட்டும் கிடையாது. அவசரப் பிரிவில் நாங்கள் இழக்கும் நேரத்தில் பெரிய பகுதி பயத்தால் போனது. பேட்டரியை விழுங்கிய பிள்ளை வாயைத் திறக்காது. தெருநாய் கீறியதை முழுக்கை சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வரும். ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. ஆனால் கடித்த உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, காலம் தாழ்த்தாமல் தடுப்பூசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுபவர்களில் சுமார் 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பிள்ளைக்கும் தடுப்பூசிக்கும் நடுவில் நிற்பது பல நேரம் "அங்க ஏன் போன?" என்ற கேள்வியின் பயம்தான்.

ஆகவே பெண் ஏதாவது சொல்ல வந்தால் உங்கள் முதல் வாக்கியம் "நல்லவேளை, சொல்லிட்டே" என்று இருக்கட்டும். உள்ளே கோபம் பொங்கினாலும் சரி, கண்ணாடி உடைந்ததைச் சொன்னாலும் சரி. சின்ன விஷயத்தில் இந்த நம்பிக்கை உண்டானால்தான் பெரிய விஷயத்தில் வாய் திறப்பாள். யாராவது தொடக் கூடாத விதத்தில் தொட்டு, "யார்கிட்டயும் சொல்லாதே" என்று மிரட்டினாலும் அவள் ஓடிவருவதற்கு இதே கதவுதான் திறந்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தாத்தா பாட்டி. "நாங்க உங்களை வளர்க்கலையா, எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். வாதாடாதீர்கள், அதில் ஜெயித்தவர் யாரும் இல்லை. வேலையைப் பிரித்துக் கொடுங்கள். மாத்திரைக்குப் பூட்டு போட்ட உயரமான அலமாரி ஒன்றை அவர்கள் பெயரிலேயே ஒதுக்கி, சாவியைப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை வீடு முழுக்கப் பேட்டரி மூடி, ஜன்னல் கொக்கி, வாளி இவற்றைச் சோதிக்கும் பொறுப்பு தாத்தாவுக்கு. பேரன் உயரத்துக்குக் குனிந்து பார்க்க முடியாவிட்டால், பேத்தி தரையில் தவழ்ந்து பார்த்துச் சொல்லட்டும், அவளுக்கும் அது பாடம்.

முதலுதவி வகுப்புக்கு நீங்கள் நால்வரும் சேர்ந்தே போங்கள். பகலில் குழந்தையோடு இருப்பது யாரோ அவருக்குத்தான் அது முதலில் தேவை. தொண்டையில் அடைத்து இருமவோ அழவோ முடியாமல் திணறினால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்பக்கம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டி, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். அடைப்பு வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்டதென்றால் தலை தாழ்ந்திருக்கும்படி குப்புறப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து; வயிற்றில் அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். நினைவு தப்பினால் தரையில் கிடத்தி உயிர்காப்பு மூச்சையும் நெஞ்சழுத்தத்தையும் தொடங்க வேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது. பயிற்சிப் பொம்மையின் மேல் கைவைத்து எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்று ஒருமுறையாவது பழகியிருக்க வேண்டும்.